முகமா, குரலா

பட்டாசு ஆலை வெடித்து, அடையாளம் தெரிந்தவர்களைத் தனித்தனியாகவும் தெரியாதவர்களை ஒரே குழியிலும் போட்டு மூடி, ஊர் அழுது ஓய்ந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்பதற்கு இருந்த கூச்சமும் விட்டுப்போன காலத்தில், கரிசல்நத்தம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த சோலைராஜின் செல்கடைக்கு இரண்டு புதுப் போன்கள் வந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாத போட்டிக் கம்பெனிகள். ஒன்றின் பேனர் கடைக்கு இடப்பக்கம், மற்றதின் பேனர் வலப்பக்கம், காற்றடித்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று அடித்துக்கொள்ளும். இரண்டின் பெயரும் யார் வாயிலும் நுழையவில்லை என்பதால் ஒன்றை நீலப்போன் என்றும் மற்றதைக் கறுப்புப்போன் என்றும் ஊர் சொல்லிக்கொண்டது. கேமரா என்றால் நீலம், சவுண்டு என்றால் கறுப்பு, சார்ஜ் இரண்டிலும் ஒன்றுபோலத்தான் நிற்கும் என்று சோலைராஜ் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னான். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

முதலில் வெளியே தெரிந்தது நீலத்தின் சங்கதி. லாரி ஓட்டும் பரமகுரு, வீட்டுச் சுவரில் ஓதம் ஏறியிருப்பதைக் கொத்தனாருக்குக் காட்டுவதற்காகப் புதுப்போனில் ஒரு படம் எடுத்தான். படத்தில் சுவர் இருந்தது, ஓதம் இருந்தது, ஓதத்துக்கு முன்னால், ஆலையில் செத்துப்போன அவன் பெண்டாட்டி ருக்மணி, அன்றைக்குக் காலையில் உடுத்திக்கொண்டு போன பாசிப்பச்சைச் சேலையோடு நின்றாள். கொத்தனார் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஓதம் கீழேர்ந்துதான் ஏறுது. மதினியைக் கொஞ்சம் ஒதுங்கி நிக்கச் சொல்லி எடுத்திருந்தா முழுசாத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

கறுப்பின் சங்கதி அதற்கடுத்துத் தெரிந்தது. தையல்காரர் ஞானப்பழம், பழைய போனிலிருந்த பேர்களையெல்லாம் புதுசில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, செத்துப்போன தம்பியின் பேரில் விரல் பட்டுவிட்டது. "என்னண்ணே, வேலை நேரத்துல?" என்று எடுத்த எடுப்பில் கேட்டான் தம்பி. "இப்பத்தான் சாப்பிட்டுட்டு வந்து உக்காந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வாரேன், பேசுவோம்." ஞானப்பழம் சரிப்பா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, கையிலிருந்த சட்டைக்குக் காஜா எடுத்தார், பொத்தான் கட்டினார், நூல் தீர்ந்து ஊசியைக் கோப்பதற்காகத் தலையைத் தூக்கியபோதுதான் அழுதார்.

அப்புறம் ஊரே கடையில் நின்றது. அதிலொன்றும் ஆச்சரியமில்லை. வீட்டுக்கு ஒரு ஆள் அந்த ஆலையில் போயிருந்தது. இரண்டையும் வாங்கிவிட்டால் தொல்லையில்லை என்று அரிசி மில் குமரய்யா நினைத்தார். கணக்கெழுதப் போன மகனைக் காலையில் நீலத்தில் படம் எடுத்தார், பட்டாளத்தான் போல வந்து நின்றான். மத்தியானம் கறுப்பில் பேரைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் காற்றுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. வேறொரு வீட்டில் முதலில் குரல் வந்தது, பிறகு எத்தனை படம் எடுத்தும் வெறும் சுவர்தான் விழுந்தது. செத்தவர்கள் ஒரு வாசல் வழியாகத்தான் வருவார்கள், முதலில் எது திறக்கிறதோ அது, அதற்குமேல் மற்றது கிடையாது என்று ஊர் புரிந்துகொண்டது. புரிந்துகொண்ட பிறகு ஒவ்வொரு வீட்டிலும் சண்டை வந்தது. புருஷன் முகம் என்பான், மாமியார் குரல் என்பாள். முகம் இருந்தால் மாலை போடலாம் என்பார்கள். மாலையை வைத்து என்ன செய்ய, ஒரு வார்த்தை பேசினால் ஆகாதா என்பார்கள். அண்ணன் தம்பி இதனால் பேச்சுவார்த்தை அற்றுப்போனார்கள். நீலப்போனோடு வருகிறவன் தெரியாமல் படம் எடுத்துவிட்டால் குரல் போய்விடுமே என்று பயந்து, வீட்டுக்குள் வருகிறவர்களிடம் செருப்போடு போனையும் வெளியே விடச் சொன்னார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள், நகை எவ்வளவு, படிப்பு என்ன என்பதோடு, உங்க வீடு முகமா குரலா என்றும் கேட்டார்கள். அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைத்த கையோடு போனுக்கும் ரீசார்ஜ் செய்தார்கள். எல்லாம் பழகிப்போயிற்று.

பழகப் பழக, இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் தெரிந்தது. முகத்துக்கு எல்லாம் தெரியும். படத்தில் நிற்கிறவர்களின் கண்ணைப் பார்த்தாலே, அவர்களுக்குத் தாங்கள் செத்தது தெரியும், எப்படிச் செத்தோம் என்பது தெரியும், அதற்குப்பின் வீட்டில் நடந்ததும் தெரியும் என்பது விளங்கும், வாய்தான் திறக்காது. குரலுக்கு ஒன்றுமே தெரியாது. எப்போது கூப்பிட்டாலும் அதற்கு அந்த மத்தியானம்தான். சாப்பிட்டாச்சு, கை கழுவியாச்சு, வேலை ஓடுகிறது, சாயங்காலம் வந்துவிடுகிறேன். வருகிறேன் என்று சொல்லும் செத்தவர்களிடம் சரி வா என்று பொய் சொல்வதற்குக் குரல் வீட்டார் பழகிக்கொண்டார்கள். ஒருத்தன் மட்டும் குடித்துவிட்டு மனசு தாங்காமல், நீ இல்லாமல்போய்விட்டாயே என்று பெண்டாட்டியிடம் உடைத்துச் சொல்லிவிட்டான். அதன்பின் அவள் பேசவில்லை. அவனை ஊர் இரண்டாவது தடவை கொன்றவன் என்றது.

முகங்களிலும் ஒரு விசேஷம் இருந்தது. மூன்றாம் நம்பர் ரூமில் இருந்து செத்தவர்கள் மட்டும், எந்த வீட்டில் எடுத்தாலும் சரி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து முன்னால் காட்டியபடி நின்றார்கள். அவர்கள் தெய்வமாகி ஆசீர்வாதம் செய்கிறார்கள் என்று பூசாரி சொன்னார். அந்தப் படங்களைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு, உள்ளங்கைக்கு நேரே கண்ணாடியில் சந்தனம் வைத்தார்கள்.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது, போனே இல்லாத வீடு ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது சீனியம்மாள் வீடு.

சீனியம்மாளுக்கு ஒரே மகள், தங்கமாரி. மூன்றாம் நம்பர் ரூமில் வெடிமருந்தை மணிமணியாக உருட்டுகிற வேலை. ஆலை வெடித்ததற்குக் காரணம் தங்கமாரிதான் என்று பட்டாசுக் கம்பெனி சொன்னது. போன் கொண்டுபோகக் கூடாத ரூமுக்குள் மடியில் மறைத்துப் போன் கொண்டுபோனாள், அது அடித்தது, அவள் பதறி எடுத்தாள், மருந்து உராய்ந்து பற்றிக்கொண்டது என்று ஃபோர்மேன் அய்யாச்சாமி எல்லா டிவிக்காரர்களிடமும் அழுதுகொண்டே சொன்னார். கேட்டில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் அன்றையிலிருந்து ஊரிலேயே இல்லை. பேப்பரில் தங்கமாரியின் படம் வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் துக்கம் கேட்க வரவில்லை. பொதுக்குழாயில் சீனியம்மாள் குடம் வைத்தால் அடுத்த குடம் கொஞ்சம் தள்ளி நின்றது.

ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அந்த மத்தியானம் போன் போட்டது சீனியம்மாள்தான். வரும்போது ஒரு தேங்காய் வாங்கிட்டு வா என்று சொல்வதற்காகப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை, கடைசியில் ஒரு சத்தம் கேட்டது. அது போனுக்குள் கேட்கவில்லை, ஊருக்கு மேற்கே கேட்டது. அன்றைக்கே அவள் தன் போனைக் கிணற்றில் போட்டாள். அதன்பிறகு அவள் சமையலில் தேங்காய் சேர்த்ததில்லை.

நீலப்போன் வாங்கினால் மகள் முகம் வரும். அந்த முகத்துக்குத் தெரியும், யார் போன் போட்டது என்று. பக்கத்துத் தெருவில் செத்துப்போன ஒருத்தி, எத்தனை படம் எடுத்தாலும் தன் புருஷனுக்கு முதுகைக் காட்டியே நின்றாள், ஏன் என்று ஊருக்கே தெரியும். தங்கமாரி அப்படி முதுகைக் காட்டி நின்றால் என்ன செய்வது? கறுப்புப்போன் வாங்கினால் குரல் வரும். அந்தக் குரலிடம் கேட்கலாம். உன் மடியில் போன் இருக்கிறதா என்று கேட்டால், ஆமாம்மா, இப்பத்தான் நீ அடிச்சே என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் என்ன செய்வது? சந்தைக்குப் போகிறபோதெல்லாம் சீனியம்மாள் சோலைராஜ் கடை முன்னால் வந்து நிற்பாள். ஒரு கையில் நீலத்தையும் ஒரு கையில் கறுப்பையும் வாங்கி, சந்தையில் கத்தரிக்காயை நிறுத்துப் பார்ப்பதுபோல் ஏந்திப் பார்ப்பாள்.

"ரெண்டும் ஒரே கனம்தான்க்கா" என்பான் சோலைராஜ்.

"எதுப்பா நல்லது?"

"முகம் பாத்தா தூக்கம் வராது. குரல் கேட்டா சாப்பாடு இறங்காது. வாங்கினவங்க அப்படித்தான் சொல்றாங்க. நான் வேற என்னத்தச் சொல்ல."

அவள் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள்.

ஒரு நாள் அய்யாச்சாமி வீட்டுக்கே வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் நீலப்போன் டப்பா, கூடவே பரமகுருவும் இன்னும் நாலைந்து பேரும். முதலாளி, செத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் நீலப்போன் இனாமாகக் கொடுக்கிறார், மூன்றாம் நம்பர் ரூம் ஆட்களுக்குத்தான் முதல் மரியாதை, போன் வந்த புதிதிலேயே அந்த வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாயிற்று, இதுதான் கடைசி என்றார்.

"நடந்தது நடந்துபோச்சு. சின்னப் பிள்ளை, தெரியாமச் செஞ்சிருச்சு. முதலாளி மனசுல ஒண்ணும் வச்சுக்கிடலை" என்றார். "நீங்க வாங்கக்கூட வேண்டாம்த்தா. நானே ஒரு படம் எடுத்துத் தந்துட்டுப் போறேன். பிள்ளை முகத்தைப் பாருங்க."

சொல்லிக்கொண்டே அவர் போனைத் தூக்கி வாசல் வழியாக வீட்டுக்குள் நீட்டினார். சீனியம்மாள் ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது. நிலைக்குக் குறுக்கே பாய்ந்து இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"எடுக்காதீங்க."

"அட, ஒரு படம்தான்த்தா."

"எடுத்தீங்கன்னா கையை முறிச்சிருவேன்."

பரமகுருவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க பிள்ளை கொண்டுபோன போன்ல என் பெண்டாட்டி கரிக்கட்டையாப் போனா. இப்ப முதலாளியாப் பாத்துப் போன் குடுத்தா உங்களுக்கு வலிக்குதாக்கும்?" என்றான். அவள் விரித்த கையை இறக்கவில்லை. அய்யாச்சாமி சிரித்தார். ஆனால் நெற்றியில் வியர்த்திருந்தது. கார்த்திகை மாசம், மப்பும் மந்தாரமுமாக இருந்தது, மற்ற ஒருவருக்கும் வியர்க்கவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று டப்பாவைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வியர்வையை நினைத்துக்கொண்டே சீனியம்மாள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். நீலப்போன் எத்தனை விற்றது என்று சோலைராஜிடம் கேட்டாள். பட்டாசுக் கம்பெனியே மொத்தமாக எடுத்துவிட்டது என்றான். கறுப்பு? கறுப்பில் ஒன்றுகூட எடுக்கவில்லை, பாதிக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள், குரல் கேட்கிறவர்களும் இருப்பார்களே என்று நான் சொல்லிப் பார்த்தேன், குரலே வேண்டாம் என்று ஃபோர்மேன் கறாராகச் சொல்லிவிட்டார் என்றான். சொல்லிவிட்டு அவனே ஒரு கணம் நின்று, அவள் முகத்தைப் பார்த்தான். மூன்றாம் நம்பர் ரூமில் இருந்து குரல் வழியாக வந்தவர்கள் ஊரில் ஒருவர்கூட இல்லை. ஞானப்பழத்தின் தம்பி, ஆலை வாசலை ஒட்டிப் பெட்டி கட்டுகிற முன்ஷெட்டில் இருந்தவன். குரல் வீடுகள் எல்லாமே முன்ஷெட் வீடுகள். சீனியம்மாள் காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தாள். சோலைராஜ் கறுப்புப்போனை எடுத்து, சிம் போட்டு, தங்கமாரி என்று பேர் எழுதிக் கொடுத்தான். தோட்டை அவன் தொடவில்லை. "எடுத்துக்கிட்டுப் போங்கக்கா. ஒண்ணு மட்டும், என்ன ஆனாலும் அவகிட்டச் சொல்லிராதீங்க" என்றான்.

வீட்டுக்குள் போய், கதவைச் சாத்தி, மகள் படுக்கிற மூலையில் உட்கார்ந்து, பச்சைப் பொத்தானை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே தங்கமாரி எடுத்தாள்.

"யம்மா. என்ன இந்நேரம்?"

சீனியம்மாளுக்கு மாசக்கணக்காக அழுத அழுகையெல்லாம் ஒன்றாக வந்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்து, அது இறங்கும்வரை காத்திருந்தாள்.

"ஒண்ணுமில்லத்தா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். புளிச்சோறு நல்லாருந்துச்சு. ருக்மணி மதினி பாதியைப் பிடுங்கித் தின்னுட்டாக." பக்கத்தில் யாரோ சிரிப்பது கேட்டது. "உனக்கு ஏன் தொண்டை கட்டியிருக்கு?"

"சளி பிடிச்சிருக்கு. ஏத்தா, ஒண்ணு கேக்கணும். உன் போன் எங்க இருக்கு?"

"என்ன கேள்வி இது? வாட்ச்மேன் கூடையிலதான் கிடக்கும். எப்பவும் கேட்டுலயே வாங்கி வச்சிருவாகல்ல. இப்ப உன் சத்தம் எப்படிக் கேக்குதுன்னுதான் தெரியல. ஆனா கேக்குது."

சீனியம்மாள் சுவரில் சாய்ந்தாள். மடியில் இல்லை. கூடையில். அவள் போட்ட போன் வாட்ச்மேன் கூடையில் கிடந்து அடித்திருக்கிறது. இத்தனை மாசமாக நெஞ்சுக்குள் கிடந்த பாறாங்கல் நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் காற்று வருவதற்குள் மகள் அடுத்ததைச் சொன்னாள்.

"இங்க ஒரே புழுக்கம்மா. யாரோ ஆபீசர் செக்கிங் வந்திருக்காகளாம். ரூமுக்கு இத்தனை ஆள் இருக்கக் கூடாதுல்ல, அதான் கூடுதல் ஆளையெல்லாம் எங்க ரூமுல கொண்டாந்து அடைச்சு, பின்கதவையும் முன்கதவையும் பூட்டிட்டாக. அய்யாச்சாமி அண்ணாச்சிதான் பூட்டினாக. சத்தம் காட்டாம இருங்க, அவரு போனதும் தொறந்து விடுதேன்னுட்டுப் போனாக. ஜன்னலும் சாத்தியாச்சு. மருந்து நெடி கண்ணைக் கரிக்குது."

"தொறந்தாங்களா?"

"இன்னும் இல்ல. தொறப்பாக. சரிம்மா, வைக்கட்டா? சாயங்காலம் வாரேன். எதுவும் வாங்கிட்டு வரணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்த்தா. நீ வந்தாப் போதும்" என்றாள் சீனியம்மாள்.

கதவைத் திறந்தபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள். சோலைராஜ் சொல்லியிருக்கிறான். பரமகுருவும் நின்றான். போனில் கேட்ட சத்தம் அந்தச் சின்ன வீட்டின் சுவரைத் தாண்டி அவர்களுக்கும் கேட்டிருந்தது. ருக்மணி பிடுங்கித் தின்ற புளிச்சோறும் கேட்டிருந்தது, பூட்டிய கதவும் கேட்டிருந்தது. பரமகுரு சட்டைப் பையிலிருந்த நீலப்போனை எடுத்து ருக்மணியின் படத்தைப் பார்த்தான். பாசிப்பச்சைச் சேலை, விரித்த உள்ளங்கைகள். தினமும் இரண்டு வேளையும் சூடம் காட்டிக் கும்பிட்ட கைகள்.

"இது ஆசீர்வாதம் இல்ல" என்றான். அவன் குரல் யாருடைய குரலோ போல இருந்தது. "கதவைத் தட்டுறா."

அன்றைக்குச் சாயங்காலம் மூன்றாம் நம்பர் ரூம் வீடுகளிலெல்லாம் கண்ணாடியில் வைத்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தார்கள். துடைத்த பிறகு அந்தக் கைகளைப் பார்க்க யாராலும் முடியவில்லை. படங்களைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். பிறகு, அப்படிச் செய்வதும் பூட்டுவதுபோலத்தானே என்று ஒருத்தி அழுதாள். திரும்பவும் எல்லாவற்றையும் நேராக வைத்தார்கள். அய்யாச்சாமி மறுநாள் சொன்னபடி வரவில்லை.

விசாரணை தாலுகா ஆபீஸ் மாடியில் நடந்தது. ஊர் இரண்டு வேன் பிடித்துப் போயிற்று. பொதுக்குழாயில் குடத்தைத் தள்ளி வைத்தவர்கள் வேனில் சீனியம்மாளுக்கு ஜன்னலோர இடம் விட்டார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் மடியில் கறுப்புப்போனை வைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு வர விருப்பமில்லை. ஒவ்வொரு நாளும் மத்தியானம் மகளைக் கூப்பிடுவாள், புளிச்சோறு, புழுக்கம், பூட்டு, தொறப்பாக என்று அதையே கேட்பாள், நீ வந்தாப் போதும் என்று சொல்வாள். அதுவே அவளுக்கு ஒரு வாழ்க்கையாக ஆகிவிட்டிருந்தது. பத்துப் பேர் நடுவில் மகளைக் கொண்டுபோய் வைப்பதற்கு அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் தங்கமாரியின் பேர் இன்னும் கம்பெனி எழுதிக்கொடுத்த காகிதத்தில் கொலைகாரி மாதிரிக் கிடந்தது.

அதிகாரி கண்ணாடி போட்ட நடுவயது மனிதர், நல்லவராகத்தான் தெரிந்தார். முதலில் படங்களைப் பார்த்தார். கம்பெனி லாயர் எழுந்து, கையை விரித்து நிற்பது கும்பிடப் போகிறவர்களும் செய்வது, கதவு என்பது படத்தில் எங்கும் இல்லை என்றார். இளவயதுக்காரர், மெதுவாகப் பேசினார், தாய்மார்கள் யாரும் நிற்க வேண்டாம், உட்காருங்கள் என்று நாற்காலி எடுத்துப் போட்டவரும் அவர்தான். அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டு, "கூப்பிடுங்கம்மா" என்றார்.

சீனியம்மாள் போனை மேஜை மேல் வைத்து அழுத்தினாள். ஸ்பீக்கரில் மகள் வந்தாள். புளிச்சோறு சொன்னாள். கூடையில் கிடக்கும் போனைச் சொன்னாள். செக்கிங்கைச் சொன்னாள், பூட்டினது யார் என்று சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டே வந்தார். அய்யாச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாயர் எழுந்தார். "நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கலாமா?" என்று அனுமதி வாங்கினார். மேஜைப் பக்கம் வந்து, போனுக்கு நேராகக் குனிந்தார். அவர் ஊரைப் பற்றி நன்றாக விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார் என்பது சீனியம்மாளுக்கு அந்தக் குனிவிலேயே தெரிந்துவிட்டது. அவள் எழுந்து போனை எடுப்பதற்குள் அவர் சொல்லி முடித்துவிட்டார்.

"தங்கமாரிதானேம்மா? நீங்க செத்துப்போய் வருஷமாகப் போகுது. இது உங்களுக்குத் தெரியுமா?"

பரமகுரு லாயரை அடிக்கப் பாய்ந்தான், இரண்டு போலீஸ்காரர்கள் அவனை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், போய்விட்டாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் போனுக்குள் மூச்சு விடுகிற சத்தம் இருந்தது.

"யம்மா."

"ஏத்தா."

"யாரோ ஒருத்தர் என்னமோ சொல்றாரு. நெசமா?"

சீனியம்மாள் போனை இரண்டு கையாலும் எடுத்து, கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். "ம்" என்றாள்.

"எல்லாருமா?"

"எல்லாரும்தான் தாயி."

பிறகு, சின்னப் பிள்ளையில் இருட்டுக்குப் பயந்தால் கேட்கிற அதே குரலில், "கடைசியில கதவைத் தொறந்தாகளா?" என்றாள்.

அறையில் இருந்த அத்தனை பேரும் சீனியம்மாளைப் பார்த்தார்கள். பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை அவள். தினமும் மத்தியானம் சொல்லிப் பழகிய வாய்தான். தொறந்தாகத்தா, எல்லாரும் வெளியே வந்துட்டீங்க, காத்து நல்லா அடிச்சுச்சு, மரத்தடியிலதான் எல்லாரும் போனீங்க என்று சொன்னால் போதும். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாகப் போகும். ஆனால் அதிகாரியின் பேனா காகிதத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது, தொறந்தாங்க என்று சொன்னால் அது தொறந்தாங்க என்றுதான் எழுதும். லாயர் கைகளைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தார். தொறந்தாங்க என்றால் கம்பெனி தப்பிக்கும், இல்லையென்றால் சாட்சி சொல்லும் குரல் அதோடு போய்விடும், அவருக்கு எது வந்தாலும் சரிதான்.

"இல்லத்தா" என்றாள் சீனியம்மாள். "தொறக்கல."

வேறு யாரும் மூச்சுவிடவில்லை என்பதால் தங்கமாரி மூச்சை இழுப்பது எல்லாருக்கும் கேட்டது.

"அப்போ அதை எழுதிக்கச் சொல்லு" என்றாள்.

அவ்வளவுதான் அவள் பேசியது.

அதிகாரி எழுதினார். எழுதியதற்குப் பலன் இல்லாமல் இல்லை. தங்கமாரியின் பேரைக் காகிதத்தில் இருந்து எடுத்தார்கள், அதைப் பேப்பரிலும் ஒரு மூலையில் போட்டார்கள். அய்யாச்சாமியைக் கைது செய்தார்கள், ஜாமீனில் விட்டார்கள். முதலாளி அன்றைக்கு வெளியூரில் இருந்தார் என்று தீர்மானமாயிற்று. பங்குனி கழிந்து ஆலை வேறொரு பேரில், முதலாளியின் மச்சான் பேரில், திறந்தது. ஊரில் வேறு வேலை இல்லை, மழையும் இல்லை, ஆகையால் ஜனம் போயிற்று. புதிதாகக் கட்டின ரூம்களில் பின்கதவே வைக்கவில்லை. கதவு இருந்தால்தானே பூட்டினார்கள் என்ற பேச்சு வரும் என்று புது ஃபோர்மேன் சொன்னார். இரண்டு போன் கம்பெனிகளும் அந்த மாடல்களை நிறுத்திவிட்டன. இருக்கிற போன்கள் பழுதாகப் பழுதாக, முகங்களும் குரல்களும் ஒவ்வொரு வீடாகக் குறைந்துகொண்டு வந்தன. அதற்கும் ஊர் பழகிக்கொண்டது. பரமகுரு மட்டும் சீனியம்மாள் வீட்டுக்கு வருவான், படியில் உட்காருவான், டீ குடித்துவிட்டுப் போவான்.

சீனியம்மாள் மத்தியானமானால் இப்போதும் கறுப்புப்போனை எடுத்து அழுத்துகிறாள். மணி அடிக்கும். போய்க்கொண்டே இருக்கும். முதலில் சில நாள் அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையிலடித்துக்கொண்டு அழுதாள், மகளைத் தன் வாயாலேயே இரண்டாந்தரம் கொன்றுவிட்டேனே என்று. பிறகு ஒரு நாள், உலை கொதிக்கும் சத்தத்துக்கு நடுவே அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவளுக்கு ஒன்று தோன்றியது. தங்கமாரி எடுக்கவில்லை. ருக்மணி எடுக்கவில்லை, மற்றவர்களும் எடுக்கவில்லை. உள்ளே ஒரு ஆள் இருந்தால்கூட இத்தனை நேரம் அடிக்கிற போனை எடுத்துவிடும். அப்படியானால் அந்தப் பூட்டிய ரூமுக்குள் இப்போது யாரும் இல்லை. அவள் போனை அணைக்காமல் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எழுந்து சோற்றை வடிக்கப் போனாள். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.